சுடுநீர்த் தொட்டியும் விழுந்த சுவிட்சும்
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய அம்மாவுக்கு முழங்கால் வலி. காற்றடைக்கும் சுடுநீர்த் தொட்டி ஒன்று வாங்கினேன். ஹீட்டரைப் போட்டால் பத்தே நிமிடத்தில், கரண்ட் கசிந்தால் தானே அணையும் மின்கசிவு சுவிட்ச் விழுந்து வீடே இருட்டு. கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

வயர்மேன் எக்ஸ்டென்ஷன் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஈரம், பித்தளைக் காலில் பச்சை பூத்திருந்தது. "தம்பி, சுவிட்ச் விழுந்ததே நல்லது," என்றார்.

அப்புறம் எர்த்தோடு தனி லைன், 10 மில்லிஆம்பியர் கசிவு சுவிட்ச், மழை படாத மூடி சாக்கெட். மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்க்கிறேன். 800 லிட்டர் தண்ணீரே 800 கிலோ. தொட்டியைப் பலகைத் திண்ணையிலிருந்து சிமெண்ட் தரைக்கு மாற்றினேன். பேரப்பிள்ளைகள் ஓடும் வீடு, தொட்டி மூடிக்குப் பூட்டு.

டாக்டரைக் கேட்டு 38 டிகிரி, பதினைந்து நிமிடம். சூடு போதவில்லையாம் அம்மாவுக்கு. 40-ஐத் தாண்ட விடமாட்டேன்.