பூவைத் திருத்தும் 21 எழுத்துகள்: பென்சிலால் ஒரு பயிற்சி

கணினி வேண்டாம். கட்டம் போட்ட தாளும் பென்சிலும் ரப்பரும் போதும். கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அராபிடாப்சிஸில், மைக்ரோ ஆர்.என்.ஏ 172 என்ற, மரபணுக்களை அடக்கும் குட்டி இழை, பூவின் உறுப்புகளை அமைக்கும் ஏபி2 மரபணுவின் தூது ஆர்.என்.ஏ-வை (புரதம் செய்வதற்கான கட்டளையைச் சுமக்கும் நகலை) எந்த இடத்தில் பிடிக்கிறது என்று நாமே பார்த்துவிடலாம்.

ஆர்.என்.ஏ-வின் வேதி எழுத்துகள் நான்கு: ஏ, யு, ஜி, சி. முதலில் ஏபி2 தூதில் உள்ள இந்த 21 எழுத்துகளைக் கட்டத்துக்கு ஒன்றாக எழுதுங்கள்:

சி யு ஜி சி ஏ ஜி சி ஏ யு சி ஏ யு சி ஏ ஜி ஜி ஏ யு யு சி யு

அடுத்த வரிசை மைக்ரோ ஆர்.என்.ஏ. தரவுத்தளங்களில் இது 'ஏ ஜி ஏ ஏ யு சி' என்று தொடங்கும். அப்படியே கீழே எழுதினால் ஜோடி சேராது. முதன்முறை நான் அரை மணி நேரம் விழித்தது இங்கேதான். இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. ஆகவே வாலிலிருந்து தலைக்கு எழுதுங்கள்:

யு ஏ சி ஜி யு சி ஜி யு ஏ ஜி யு ஏ ஜி யு யு சி யு ஏ ஏ ஜி ஏ

ஏ-யு, ஜி-சி ஜோடிகளுக்குக் கோடு. தளர்வாகச் சேரும் ஜி-யு ஜோடிக்குப் புள்ளி. 19 கோடுகள், ஒரு புள்ளி, இடது ஓரத்தில் பொருந்தாத ஒரு கட்டம். இந்தக் கணக்கு வராவிட்டால் எங்கோ ஓர் எழுத்தை விட்டிருக்கிறீர்கள்.

இனி கீழ் வரிசையை வலக்கோடியிலிருந்து எண்ணி, 10-க்கும் 11-க்கும் நடுவே கத்தரிக்கோல் வரையுங்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ-வைத் தாங்கி நிற்கும் ஆர்கோனாட் என்ற புரதம் வழக்கமாகத் தூதை வெட்டும் இடம் அது. இவ்வளவு நன்றாகப் பொருந்தினால் வெட்டுதான் என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஏபி2-வில் தூதிலிருந்து புரதம் உருவாவதே தடுக்கப்படுகிறது என்று 2004-இல் உயிரியலாளர் ஷுவெமெய் சென் காட்டினார். இந்த இடத்தின் எழுத்துகளைக் குலைத்த செடிகளில், பூவின் நடுவே அடங்க வேண்டிய ஏபி2 அடங்கவில்லை. இதழ்களோ மகரந்தத் தாள் போன்ற உறுப்புகளோ கணக்கில்லாமல் பெருகின.

கடைசியாக ரப்பரை எடுத்து மேல் வரிசையில் ஓர் எழுத்தை மாற்றுங்கள். ஒரு கோடு போய்விடும், அவ்வளவுதான். பார்லியில் இதே குடும்பத்து மரபணு ஒன்றில், இதே இடத்தில், அப்படி ஓர் எழுத்து மாறிய ரகங்கள் உண்டு. புரதத்தில் ஓர் அமினோ அமிலம்கூட மாறவில்லை. ஆனால் பூவின் அடியிலிருக்கும் இரண்டு குட்டிச் செதில்கள் உப்புவதில்லை, உமி திறப்பதில்லை, மகரந்தச் சேர்க்கை மூடிய பூவுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.