மொறிஸ் மைனரின் பழைய என்ஜினைத் திருகோணமலை வெக்கையில் பேணும் முறை

மொறிஸ் மைனர் என்ற பழைய பிரித்தானியக் கார் ஒன்றை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் என்ஜினை ஸ்டார்ட் செய்து சத்தத்தைக் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியாகவே செய்வேன். ஆறிக் கிடக்கும் வண்டியின் பொனற்றைத் திறந்து, ரேடியேற்றர் மூடியைக் கழற்றி, உள்ளே நிற்கும் தண்ணீரில் சுட்டுவிரலை வைத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. விரலில் செங்கல் நிறச் சேறு ஒட்டினால், அந்த என்ஜின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் விலையைக் குறைத்தே பேச வேண்டும். இந்த என்ஜின் தேய்ந்து சாவதைவிட வெந்து சாவதே எங்கள் ஊரில் அதிகம்.

எது எந்த என்ஜின் என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்வது நல்லது. 1948 இல் வெளிவந்த முதல் மைனரில் 918 சிசி பக்கவால்வு என்ஜின் இருந்தது. ஒஸ்ரினும் மொறிஸும் 1952 இல் ஒரே நிறுவனமான பின்னர், ஒஸ்ரின் ஏ30 காருக்காக அதற்கு முந்தைய ஆண்டு வந்திருந்த 803 சிசி ‘ஏ’ வரிசை என்ஜின் மைனருக்கும் கிடைத்தது. 1956 இல் அது 948 சிசி ஆகவும் 1962 இல் 1098 சிசி ஆகவும் வளர்ந்தது. வலுவும் 30, 37, 48 குதிரைவலு என்று ஏறியது. மூன்றும் வார்ப்பிரும்பு பிளொக்கும் அதன்மேல் மூடியாக அமரும் ஹெட்டும் கொண்டவை, கிராங்கு எனும் சுழல்தண்டை மூன்று மெயின் பெயாரிங்கில் தாங்குபவை, 1-3-4-2 என்ற வரிசையில் எரிபவை. 1098 மேட்டில் இலகுவாக இழுக்கும். ஆனால் அதன் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 83.7 மில்லிமீற்றர், 948 இன் ஸ்ட்ரோக் 76.2 மில்லிமீற்றர்தான். ஆகையால் விரட்டி ஓட்டினால் 1098 இன் கிராங்குதான் கூடுதலாகத் துன்பப்படும். ஊருக்குள் ஓடுவதற்கு எனக்குப் பிடித்தது 948. பிளொக்கின் வலப்பக்கத்தில் டைனமோவுக்கு மேலே அடித்திருக்கும் தகட்டில் எண் ‘9எம்’ என்று தொடங்கினால் அது 948. ‘10எம்ஏ’ என்றால் 1098. அந்த எண்ணுக்கு நடுவே வரும் ‘எச்’ உயர் அழுத்தத்தையும் ‘எல்’ தாழ் அழுத்தத்தையும் குறிக்கும். 948 இல் இவை முறையே 8.3, 7.2 என்ற விகிதங்கள். இரண்டுமே 92 ஒக்டேன் பெற்றோலில் முறைப்பாடின்றி ஓடும்.

இனி வெப்பத்தின் கதை. இந்த ஹெட்டில் எட்டு வால்வுகளுக்கும் சேர்த்து ஐந்து துளைகளே உண்டு. முதலாம், இரண்டாம் சிலிண்டர்கள் ஓர் உள்ளிழுக்கும் துளையையும், மூன்றாம், நான்காம் சிலிண்டர்கள் இன்னொன்றையும் பங்கிடுகின்றன. புகை வெளியேறும் பக்கத்தில் ஓரத்துச் சிலிண்டர்கள் இரண்டுக்கும் தனித்தனித் துளை இருக்க, நடுவிலுள்ள இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே துளையில் புகையைக் கக்குகின்றன. ஆகவே ஹெட்டின் நடுப்பகுதியே எப்போதும் அதிகம் சூடேறும் இடம். ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் இடையில் வைக்கும் தகடான ஹெட் காஸ்கற் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கு இடையில் எரிவதற்கும், வால்வுகள் வந்து அமரும் நடு இருக்கைகளுக்கு இடையில் ஹெட் வெடிப்பதற்கும் இதுவே காரணம். சிலிண்டர்களின் அழுத்தத்தை (கம்பிரஷன்) அளந்து பார்க்கும்போது இரண்டும் மூன்றும் சேர்ந்தாற்போல் குறைந்திருந்தால், வேறு எதையும் தேடாமல் காஸ்கற்றைச் சந்தேகிக்கலாம்.

அந்த நடுப்பகுதியைக் காப்பாற்ற வேண்டிய தண்ணீரோ எங்களிடம் சரியாக இல்லை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துக் கிணறுகள் சிலவற்றின் தண்ணீரைக் கேத்தலில் காய்ச்சினால் அடியில் படியும் வெண்படிவத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவம் பிளொக்கின் உள்ளேயும் படிகிறது. அத்துடன் துருவும் சேர்ந்து, பின்கோடியில், நான்காம் சிலிண்டரைச் சுற்றிச் சேறாக உறைகிறது. ரேடியேற்றரை மட்டும் கழுவிவிட்டுத் திருப்திப்படுகிறவர்களின் வண்டி தொடர்ந்து கொதிப்பது இதனால்தான்.

கழுவும் முறை இது. என்ஜின் முழுவதும் ஆறிய பின் மூடியைக் கழற்றி, ரேடியேற்றரின் அடியிலுள்ள பைப்பையும் பிளொக்கின் பின்பக்கத்து வடிகால் பைப்பையும் திறக்கவும். இரண்டாவதில் தண்ணீர் வராவிட்டால் பிளொக் வெறுமையாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். வாயைச் சேறு அடைத்திருக்கிறது. சைக்கிள் கம்பி ஒன்றை உள்ளே விட்டு மெல்லக் குடைந்தால், முதலில் ஒன்றும் நடக்காது, பிறகு கறுத்த குழம்பு இரண்டு மூன்று சொட்டு விழும், அதன்பின் திடீரென்று செந்நீர் பீறிடும். அப்போது முகத்தை அருகில் வைத்திருக்கக் கூடாது என்பதை நான் ஒரு வெள்ளைச் சட்டையைப் பலி கொடுத்துக் கற்றேன். பின்னர், தண்ணீர் சூடானதும் திறந்து அதை ரேடியேற்றருக்கு விடும் தேமோஸ்ரற்றைக் கழற்றி, ஹெட்டின் மேல்வாய் வழியாகக் குழாய்த் தண்ணீரை, வடிவது தெளியும் வரை விடவும். மீண்டும் நிரப்புவதற்கு மாரியில் பிடித்து வைத்த மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ போதும். கூலன்றைக் கலக்க மறக்க வேண்டாம், ஏனெனில் துருவைத் தடுப்பது அதுதான்.

தேமோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிட்டால் வண்டி குளிர்ச்சியாக ஓடும் என்ற நம்பிக்கை இங்கே ஆழ வேரூன்றியது. நான் அதை ஏற்பதில்லை. அது இல்லாத என்ஜின் கார்த்திகை, மார்கழி மழைக்குள் ஓடும்போது உரிய சூட்டுக்கே வராது. ஒயில் அழுக்காகி சிலிண்டர் சுவரும் தேயும். வெப்ப நாடுகளுக்கென்றே 74 பாகையில் திறக்கும் தேமோஸ்ரற் உண்டு, அதைப் போடலாம். போடுமுன் சட்டியில் தண்ணீரோடு சூடாக்கி, அது உண்மையில் திறக்கிறதா என்று பார்க்கவும். கையோடு, வோட்டர் பம்புக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள விரல் நீளச் சிறு ஹோஸையும் மாற்றிவிடவும். வழியில் வெடித்தால் மாற்றுவதற்கு மிகவும் கடினமானது அதுதான்.

மைனரின் டாஷ்போர்டில் வெப்பமானி கிடையாது. வண்டி கொதிப்பதை ஆவி கண்டே அறிய வேண்டியிருப்பதால், ஒரு வெப்பமானியைப் பொருத்துவது வீண்செலவல்ல. கொதித்துவிட்டால் நிறுத்தி, ரேடியேற்றரின் மேற்தொட்டியில் உள்ளங்கையை வைத்திருக்கக்கூடிய அளவுக்கு ஆறும் வரை காத்திருக்க வேண்டும். தம்பலகாமத்துக்கு அருகில் ஒருமுறை, உதவிக்கு வந்தவர் பச்சைத் தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவந்தபோது அவரைத் தடுத்து நிறுத்தப் பெரும்பாடு பட்டேன். சுட்ட வார்ப்பிரும்பில் குளிர்நீர் பட்டால் ஹெட் வெடிக்கும்.

காஸ்கற் மாற்றும்போது ஹெட்டில் பிளொக்கோடு பொருந்தும் பரப்பு தட்டையா என்று லேத் பட்டறையில் பார்த்தல் கட்டாயம். நட்டுகளை நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி, மூன்று தவணையாக, 40 இறாத்தல்-அடி வரை டோர்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். எனது வண்டிக்கு ஒரு கராஜில் கைக்கணக்கில் இறுக்கிவிட்டு, “அனுபவம் அண்ணை, அனுபவம்” என்றார்கள்; மூன்றாம் கிழமை மீண்டும் ஹெட் கழன்றது. சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் நட்டுகளை மறுபடி சரிபார்க்க வேண்டும். அதன் பிறகு டப்பற் இடைவெளியையும், அதாவது வால்வுத் தண்டுக்கும் அதை அமுக்கும் ரொக்கருக்கும் இடையிலுள்ள சந்தையும், பார்க்க வேண்டும், ஏனெனில் ஹெட் அமரும்போது அது மாறும்.

இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லிமீற்றர். எந்த வால்வை எப்போது பார்ப்பது என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு: முன்னிருந்து ஒன்று முதல் எட்டு வரை எண்ணிக்கொண்டு, முழுவதும் அமிழ்ந்திருக்கும் வால்வின் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால் கிடைப்பதே பார்க்க வேண்டிய வால்வு. எட்டு அமிழ்ந்திருந்தால் ஒன்றையும், மூன்று அமிழ்ந்திருந்தால் ஆறையும் பார்க்கலாம். ஃபீலர் தகடு வெண்ணெயில் கத்தி போகிறாற்போல் வழுக்கக் கூடாது, சிக்கவும் கூடாது. இழுக்கும்போது இலேசான பிடிப்பு விரலுக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே புகைவால்வின் இடைவெளி குறைந்துகொண்டே போனால், அதன் இருக்கை உள்வாங்குகிறது. ஈயம் கலந்த பெற்றோலுக்காக வார்த்த இருக்கைகள் ஈயமில்லாப் பெற்றோலில், அதுவும் நெடுந்தூரம் வேகமாக ஓடும்போது, இப்படித் தேயும். அடுத்த முறை ஹெட் கழற்றும்போது கடின உருக்கு இருக்கைகளைப் பதித்துவிட்டால் அத்தோடு தொல்லை தீரும்.

ஒயில் கசிவைக் கண்டு வாங்குபவர் மிரளத் தேவையில்லை. கிராங்கின் பின்முனையில் இந்த என்ஜினுக்கு ரப்பர் சீல் இல்லை. ஒயிலைத் திருப்பி அனுப்பும் திருகுவரி மட்டுமே உண்டு. எனவே சரிவில் நிறுத்தினால் சில சொட்டு விழும். கொட்டினால் மட்டும், முதலில், என்ஜினுக்குள் சேரும் காற்றை வெளிவிடும் பிரீதர் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என்ஜினுக்குள் அழுத்தம் கூடினால் நல்ல சீல்கூட ஒழுகும். பில்டரோடு சேர்த்து 3.7 லீற்றர் பிடிக்கும். 20டபிள்யூ-50 ஒயில் போதுமானது. ஓடும்போது அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தலுக்கு அருகிலும், சூடான ஐடிலில் 15 க்குக் குறையாமலும் இருந்தால் பெயாரிங் நலமாக இருக்கிறது. முன்பக்கத்தில் சங்கிலி உரசும் ஓசை டைமிங் செயினின் தளர்வு. கேட்கச் சங்கடமாயினும் உடனடி ஆபத்தில்லை.

யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்த வண்டியென்றால் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம். 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் அங்கே கார்கள் பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவி ஒயிலில் இறங்கியதால், அக்காலத்துக்குப் பின் சிலிண்டர்களைக் கடைந்து ரீபோர் செய்யாத என்ஜினில் சிலிண்டர்த் தேய்வை எதிர்பார்க்கத்தான் வேண்டும்.

கடற்காற்று என்ஜினைவிட மின்தொடுப்புகளையே அதிகம் தின்னும். சாவியைத் திருப்பியதும் எஸ்யூ பெற்றோல் பம்ப் சில தடவை ‘டிக் டிக்’ என்று அடித்து நிற்க வேண்டும். நிற்காமல் அடித்தால் காற்று இழுக்கிறது, அல்லது டாங்கி வற்றிவிட்டது. அடிக்கவே இல்லையென்றால், ஸ்பனர் பிடியால் மெல்லத் தட்டி ஓடவைத்து வீடு வரலாம். ஆனால் பம்பின் பொயின்றையும் அதன் ஏர்த் வயரின் பச்சைக் களிம்பேறிய முனையையும் அன்றைக்கே சுரண்டிவிடவும்.

எல்லாம் பார்த்த பிறகே ஓட்டிப் பார்த்தல். உவர்மலை ஏற்றத்தில் இரண்டு தடவை ஏறி இறங்கி, பின் கண்டி வீதியால் கந்தளாய் வரை நண்பகலில் போய் வருவது நல்ல பரீட்சை. இறக்கத்தில் அக்சிலரேற்றரை விட்டு மீண்டும் மிதிக்கும்போது கண்ணாடியில் நீலப்புகை தெரிந்தால் வால்வு சீல்கள் தேய்ந்திருக்கின்றன. ஒயில் மூடியின் உட்புறம் பால்கோப்பி நிறத்தில் படிந்திருக்கிறதா என்றும் பார்க்கவும். மழைக்காலத்தில் அரை மைல் ஓடும் வண்டியில் அது வெறும் ஈரமாக இருக்கலாம், ஆனால் கந்தளாய்க்குப் போய் வந்த பிறகும் இருந்தால் தண்ணீர் ஒயிலில் கலக்கிறது. முடிந்தால் வண்டியை இரவு அங்கேயே நிறுத்தச் சொல்லி, மறுநாள் காலை நீங்களே போய் மூடியைத் திறந்து, முன்னைய நாள் பென்சிலால் குறித்த மட்டத்துக்கு எவ்வளவு கீழே தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துவிட்டு விலை பேசவும்.