எண்ணெய் வழியும் முகம் எரியவும் செய்தால்

பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறேன். மூன்றாவது பீரியட் முடிவதற்குள் என் மூக்கும் நெற்றியும் பளபளத்துவிடும். அதனால் ஒரு நாளைக்கு நாலு தடவை சோப்பு போட்டுக் கழுவினேன். மூக்கோரம் சிவந்து செதில் உதிர்ந்தது, வியர்வை பட்டாலே எரிந்தது. ஒரு நாள் ஆய்வகத்தில் அந்தச் சோப்பு நுரையில் பிஎச் தாளை நனைத்துப் பார்த்தேன். அமிலமா காரமா என்று காட்டும் தாள் அது; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். கிட்டத்தட்ட 10. நம் தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டிய லேசான அமிலம்.

அந்த அமிலத்தன்மைக்கு நம் தோலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களும் ஒரு காரணம். க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா எண்ணெய்ச் சுரப்பித் துளைக்குள் வாழ்கிறது. பருவுக்கு இதைத்தான் திட்டுவோம். ஆனால் எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலமாக்கி, வேண்டாத கிருமிகளை அண்டவிடாமல் வைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. சோப்பு பட்டால் தோல் பழைய நிலைக்குத் திரும்பச் சில மணி நேரம் ஆகும். நாலு தடவை கழுவினால் எப்போது திரும்பும்?

இன்னொரு குடி மலசீசியா என்ற ஈஸ்ட். சொந்தமாகக் கொழுப்பு அமிலம் தயாரிக்க அதற்குத் தெரியாது, நம் எண்ணெயைத் தின்றுதான் பிழைக்கிறது. அது மிச்சம் வைக்கும் ஓலிக் அமிலம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. மூக்கோரச் செதிலும் பொடுகும் பெரும்பாலும் இப்படி வருபவைதான்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் முகத்துக்குச் சோப்பை நிறுத்துங்கள். பிஎச் 5.5 என்று போட்ட, வாசனை சேர்க்காத ஃபேஸ்வாஷ் காலையும் இரவும் போதும். மதியம் வழிந்தால் பருத்திக் கைக்குட்டையால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். எண்ணெய்ச் சருமம்தானே என்று மாய்ஸ்சரைசரை விட்டுவிடாதீர்கள். எரிச்சல் அடங்க அது வேண்டும், ஜெல் வகை போதும்.

என் அம்மா இரவில் முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்வார். கை கால் வறட்சிக்கு இன்றும் தடவுகிறேன். முகத்துக்கு வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு அந்த ஈஸ்டுக்குத் தீனியாகலாம். அமிலம் நல்லது என்றேனே என்று எலுமிச்சையைத் தேய்த்துவிடாதீர்கள்! அதன் பிஎச் 2-ஐ ஒட்டியது. வெயில் பட்டால் கொப்புளித்துக் கருத்துவிடும்.

புதிதாக எதை வாங்கினாலும் தாடை ஓரத்தில் ஒரு வாரம் தடவிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். பலன் தெரிய ஒரு மாதம் பொறுங்கள்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு க்ரீம் மட்டும் வேண்டவே வேண்டாம். எனக்கு ஒரே வாரத்தில் எல்லாம் மறைந்தது, நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பியது.

செதிலோடு பொடுகும் இருந்தாலோ, நெற்றியில் ஒரே அளவில் அரிக்கும் பொரிகள் வந்தாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். அரிக்கும் பொரிகள் ஈஸ்டால் வந்தவையாக இருந்தால், பருவுக்குத் தரும் ஆன்டிபயாடிக் அதை மோசமாக்கக்கூடும். போகும்போது இதுவரை தடவிய டியூப்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நான் கொண்டுபோனவை ஏழு. மருத்துவர் அதில் ஐந்தை அங்கேயே ஒதுக்கி வைத்தார்.