காலை, மதியம், மாலை: மூன்று பரம்பல்களை ஒரே வரைபில் வரைவது எப்படி

வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு 100ஆம் இலக்க பஸ்ஸில் போக எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால் எல்லோரும் ஒரே ஒரு எண்ணைத்தான் சொல்வார்கள். காலி வீதியில் தினமும் போய்வருகிறவர்களுக்கு அந்த எண் போதாது. பெரும்பாலான நாட்கள் எங்கே குவிகின்றன, மோசமான நாள் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதுதான் தெரிய வேண்டும். இடையை, அதாவது சராசரியை, மட்டும் கணித்தால் இது மறைந்துவிடும். எந்த நிமிடத்தைச் சுற்றிப் பயணங்கள் குவிகின்றன என்பதை உயரத்தால் காட்டும் அடர்த்தி வளையியை வரைந்தால் கண்முன்னே நிற்கும்.

ஆர் என்ற நிரலாக்க மொழியில், வரைபு வரைவதற்கான ஜிஜிபிளாட்2 பொதியைக் கொண்டு வரைவோம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். ஜியோம் டென்சிட்டி போல இரண்டு சொல்லாக வரும் கட்டளைகளுக்கு, நடுவில் இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போடுங்கள்.

முதலில் அட்டவணை. ஒரு பயணத்துக்கு ஒரு வரி, இரண்டே நிரல்கள்: ஒன்றில் நிமிடம், மற்றதில் வேளை (காலை, மதியம் அல்லது மாலை). காலைக்கு ஒரு நிரல், மதியத்துக்கு ஒரு நிரல் என்று எக்செலில் பிரித்து வைத்திருந்தால், டைடிஆர் பொதியின் பிவட் லாங்கர் கட்டளையால் நீளவாக்கில் மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம் வரைபு. ஜிஜிபிளாட் அடைப்புக்குள் அட்டவணையின் பெயர். ஏஈஎஸ் அடைப்புக்குள் எக்ஸ் சமன் நிமிடம், ஃபில் சமன் வேளை. பிறகு ஒரு கூட்டல் குறி, அடுத்த வரியில் ஜியோம் டென்சிட்டி, அதன் அடைப்புக்குள் அல்பா சமன் 0.4. அல்பா இல்லாவிட்டால் கடைசியாக வரைந்த நிறம் மற்றவற்றை முழுதாக மூடிவிடும். 0 என்றால் உள்நிறம் கண்ணுக்கே தெரியாது, 1 என்றால் முழு நிறம்.

மூன்று வளையிகளுக்குப் பதில் ஒன்றே ஒன்று வந்ததா? நான் முதல் தடவை ஒரு மாலை முழுவதும் தலையைப் பிய்த்துக்கொண்டது இந்த இடத்தில்தான். வேளையை 1, 2, 3 என்று எண்ணாகக் குறித்திருந்தேன். எண் என்றால் ஆர் அதைத் தொடர்ச்சியான அளவாக எடுத்துக்கொள்ளும், குழுவாகப் பிரிக்காது. ஃபில் சமன் ஃபேக்டர், அடைப்புக்குள் வேளை என்று மாற்றினால் சரி.

இனி வளையியின் வழவழப்பு. ஜியோம் டென்சிட்டியின் அடைப்புக்குள் வரும் அட்ஜஸ்ட் என்ற அளவு சொல்லாமலே 1 ஆக இருக்கும். 0.5 என்று வைத்தால் ஒவ்வொரு சின்ன மேடும் எழும்பும். 2 என்று வைத்தால் உண்மையான மேடுகூட கரைந்துபோகும். மூன்றையும் போட்டுப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். கூடவே ஜியோம் ரக் என்று ஒரு வரி சேருங்கள். ஒவ்வொரு பயணமும் அச்சின் அடியில் சிறு கோடாக விழும். பன்னிரண்டு கோடுகள்தான் இருக்கின்றன என்றால் மேலேயுள்ள அழகான வளையியை அவ்வளவாக நம்பக்கூடாது.

ஒய் அச்சைப் பார்த்து நிறையப் பேர் குழம்புகிறார்கள். அது நிகழ்தகவு அல்ல. வளையிக்குக் கீழுள்ள பரப்பளவுதான் 1. நிமிடத்தை மணித்தியாலமாக மாற்றினால் உயரம் 60 மடங்காகும், 1ஐத் தாண்டினாலும் பிழையில்லை. ஒவ்வொரு குழுவின் பரப்பும் 1 என்பதால், காலையில் 60 பயணம், மதியத்தில் 10 பயணம் என்றாலும் இரண்டும் ஒரே பருமனில்தான் தெரியும். எண்ணிக்கையையும் காட்ட வேண்டுமானால் ஜியோம் டென்சிட்டியின் அடைப்புக்குள் தனியாக ஓர் ஏஈஎஸ் போட்டு, அதன் அடைப்புக்குள் ஒய் சமன் ஆஃப்டர் ஸ்டாட், அதன் அடைப்புக்குள் கவுன்ட் என்று சேருங்கள்.

என்னுடைய காலை வளையியில் இரண்டு மேடுகள் வந்தன. அட்ஜஸ்ட்டை 2 ஆக்கியும் போகவில்லை. நாட்குறிப்பைப் புரட்டினால், இடது மேட்டில் இருந்தவை அநேகமாகப் பாடசாலை விடுமுறை நாட்கள். அதை மூன்றாவது நிரலாகச் சேர்த்து, ஃபசெட் ராப் கட்டளையால் இரண்டு கட்டங்களாகப் பிரித்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் காலைக்கு ஒரே மேடுதான் மிஞ்சியது.