ஐப்பசி மழையில் அமெரிக்க பீர்: நாங்கள் செய்த தவறுகள்

போன ஐப்பசியில் அமெரிக்காவிலிருந்து வந்த மச்சினனின் பெட்டியில் ஐந்து பீர் பாட்டில்கள் இருந்தன. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் வரியில்லாமல் 2 லிட்டர் மதுதான் கொண்டுவரலாம். பாட்டிலுக்கு 355 மில்லி, ஆறாவது வைத்தால் கணக்கு இடிக்கும். எல்லாமே அங்கே இலையுதிர்காலத்துக்கென்று சிறிய ஆலைகளில் காய்ச்சியவை. எங்கள் மார்த்தாண்டம் பக்கம் இலை உதிர்ப்பது ரப்பர் மரம்தான், அதுவும் தை மாச வாக்கில். ஐப்பசியில் எங்களுக்கு மழைதான். நான்கு பேர் உட்கார்ந்து அந்த ஐந்தையும் பாழாக்கிய கதையைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கும் இப்படி யாராவது கொண்டுவருவார்கள்.

முதல் தவறு குளிர். பாட்டில்களை ஃபிரீசரில் போட்டோம், போதாததற்கு டம்ளரில் ஐஸ் கட்டியும் போட்டோம். அக்கானியில், அதாவது பதநீரில், யாராவது ஐஸ் போடுவார்களா? நாக்கு மரத்துப்போனால் இனிப்பும் தெரியாது, கசப்பும் தெரியாது. குளிரில் வாசனையும் மேலே எழும்பாது, ஐஸ் உருகினால் தண்ணீர் வேறு சேரும். இந்த வகை பீருக்கு 7 முதல் 12 டிகிரி போதும். சாதாரண ஃபிரிட்ஜ் 4 டிகிரியில் இருக்கும் என்பதால், வெளியே எடுத்துக் கால்மணி நேரம் மேசையில் வைத்தால் சரியாகிவிடும். ஃபிரீசரில் மறந்துவிட்டால் பாட்டில் வெடிக்கவும் செய்யும்.

அப்புறம் டம்ளர். எவர்சில்வரில் ஊற்றினால் நிறம் தெரியாது. சாயாக்கடைக் கண்ணாடி கிளாஸ் தாராளமாகப் போதும், ஆனால் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ ஒட்டியிருக்கக் கூடாது. நுரை உடனே அமுங்கிவிடும். விளிம்பு வரை ஊற்றாமல் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள், வாசனை தங்கி நிற்க அந்த இடம் வேண்டும்.

எதை முதலில் குடிப்பது என்று நாங்கள் யோசிக்கவேயில்லை. கையில் வந்ததைத் திறந்தோம். வந்தது 8 சதவீத ஆல்கஹால் உள்ள வைசன்பாக், அதாவது கெட்டியான கோதுமை பீர். அதற்குப் பிறகு குடித்த மெர்ட்சன் தண்ணீர் மாதிரி இருந்தது. பாவம், குற்றம் மெர்ட்சன் மேல் இல்லை. ஜெர்மனியின் பவேரியாவில் 1553இல் வந்த ஓர் ஆணைப்படி ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சக் கூடாது என்று இருந்தது. கோடைச் சூட்டில் கெட்டுப்போகும் என்பதுதான் காரணம். அதனால் மார்ச்சில் கொஞ்சம் கெட்டியாகக் காய்ச்சிக் குளிர்ந்த நிலவறையில் வைத்து, கோடை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, மிச்சத்தை இலையுதிர்காலத்தில் தீர்ப்பார்கள். மெர்ட்சன் என்ற பெயரே மார்ச்சிலிருந்து வந்ததுதான். பேக்கரி அடுப்பிலிருந்து எடுத்த பன்னின் மேல்தோல் வாசனை அதில் இருக்கும். அவ்வளவு மெதுவான வாசனை, 8 சதவீதத்துக்குப் பின்னால் எப்படித் தெரியும்? லேசானது முதலில், கெட்டியானதும் மசாலா போட்டதும் கடைசியில். ஆளுக்கு 90 மில்லி போதும். அன்று ராத்திரி பைக் சாவி யார் கையிலும் இருக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

தொடுகறியிலும் தப்புச் செய்தோம். தேங்காய்க்கொத்து போட்ட மாட்டிறைச்சி வறுவலை விட்டுவிட்டு உட்கார எங்கள் ஊரில் யாருக்கு மனசு வரும்? ஆனால் ஆல்கஹாலும் காற்றுக்குமிழியும் சேர்ந்தால் மிளகுக் காரம் இரண்டு மடங்காக எரிகிறது, பிறகு வாயில் வேறொன்றும் நிற்பதில்லை. சுவைத்து முடிக்கும்வரை ஏத்தங்காய் சிப்ஸ் அல்லது வெறும் உப்புப் போட்டு அவித்த மரச்சீனி வைத்துக்கொள்ளுங்கள். மெர்ட்சனுக்கு ஏத்தங்காய் சிப்ஸ் அருமை. வறுவல் அடுப்பிலேயே இருக்கட்டும், எங்கே போய்விடப் போகிறது?

ஐந்தாவது பாட்டிலை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வருத்தம். பீருக்குக் கசப்பும் வாசனையும் தருகிற ஹாப்ஸ் பூவைப் பறித்துக் காயவைக்காமல், ஒரு நாளுக்குள் பச்சையாகவே போட்டுக் காய்ச்சிய பீர் அது. அங்கே ஹாப்ஸ் அறுவடை ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும்தான் என்பதால் வருஷத்துக்கு ஒருமுறைதான் இது வரும். ‘நல்லதை கிறிஸ்துமஸுக்கு வைப்போம்’ என்று ஜன்னலோர அலமாரியில் வைத்துவிட்டேன். பச்சை ஹாப்ஸ் வாசனைதான் அதன் உயிர், அது வாரக்கணக்கில்தான் நிற்கும். சூட்டில் இன்னும் சீக்கிரம் போகும். வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து ஒரு கந்தக நெடி வேறு கிளம்பும். டிசம்பர் 25 அன்று திறந்தபோது முதலில் எரிந்த ரப்பர் மாதிரி வாசனை, வாயில் வைத்தால் நனைந்த அட்டைப்பெட்டி. அக்கானியை நாளைக்கு என்று எடுத்து வைக்காத ஊர்க்காரன், இதை இரண்டு மாசம் வைத்தேன். வைத்துக் குடிக்க வேண்டுமென்றால் வைசன்பாக் மாதிரி கெட்டியானதை, இருட்டில், குளிரில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. லேபிளில் போட்டிருப்பதையே நாக்கில் தேடுவது. பூசணி ஏல் என்று எழுதியிருந்ததால் எல்லோரும் பூசணிக்காயைத் தேடினோம். ஒரு காலத்தில் அமெரிக்காவில் குடியேறியவர்கள் மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, கிடைக்காமல் பூசணியைப் போட்டுக் காய்ச்சியது உண்மைதான். ஆனால் இன்றைய பூசணி பீரில் மூக்குக்கு வருவது பெரும்பாலும் பட்டை, கிராம்பு, ஜாதிக்காய். மாறாமலைக் கிராம்பின் வாசனையில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? கன்னியாகுமரி கிராம்புக்கு 2021இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. வைசன்பாக்கிலும் கிராம்பு வாசனை உண்டு, ஆனால் அதில் ஒரு கிராம்புகூடப் போடுவதில்லை. ஈஸ்ட் செய்கிற வேலை அது. அதே ஈஸ்ட்தான் பழுத்த வாழைப்பழ வாசனையையும் தரும். மச்சினன் குறிப்பேட்டில் ‘பனானா’ என்று எழுதிவைத்திருந்தான். இத்தனை வகைப் பழம் தொங்குகிற ஊரில் ‘பனானா’ என்று எழுதினால் எதைச் சொல்கிறான் என்று யாருக்குத் தெரியும்? மட்டியா, செவ்வாழையா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, நன்றாகப் பழுத்த மட்டி என்றான்.

எங்கள் மாமியார் குடிப்பதில்லை. பூசணி பீர் இருந்த கிளாஸை மட்டும் வாங்கி மோந்துபார்த்தார். “கிராம்பு கொஞ்சம்தான். ஜாதிக்காயைத்தான் அள்ளிப் போட்டிருக்கான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால், மசாலாப் பட்டியலில் ஜாதிக்காய்தான் முதலில் இருந்தது.