பழைய கால் மெஷின்ல ஃப்ரீ மோஷன் குவில்டிங் - என் அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்துல எங்க பெரியம்மா தச்சிட்டிருந்த மிதி மெஷின், நல்ல கனமான இரும்பு, இதுல போய் ஃப்ரீ மோஷன் குவில்டிங்கான்னு (மேல் துணி, நடுவுல பஞ்சு, அடித்துணின்னு மூணு அடுக்க சேர்த்து, துணிய நாமளே கையால நகத்தி தைக்கிறது) யோசிக்காதீங்க, தாராளமா பண்ணலாம். கடல்காத்துல இறுகிப்போன வீலுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊறவெச்சு தொடச்சு மெஷின் ஆயில் போட்டதும் லேசாயிடுச்சு.

சிக்கல், ஊசிக்கு அடியில துணிய தள்ளுற பல்லுல தான். புது மெஷின் மாதிரி பல்லை கீழ எறக்குற வசதி இதுல இல்ல. தையல் நீளத்த ஜீரோல வெச்சா துணிய தள்ளாது, ஆனா பல்லு ஏறி எறங்கிட்டே தான் இருக்கும், மூணு அடுக்கு துணி அடியில உரசும். அதனால ஒரு பிளாஸ்டிக் அட்டைய வெட்டி, ஊசி எறங்குற எடத்துல ஓட்டை போட்டு, பல்லு மேல மூடி டேப் ஒட்டிட்டேன், அருமையா வழுக்குது!

டார்னிங் ஃபுட் (துணிய இறுக்கிப் பிடிக்காம நகர விடுற ஃபுட்) மாட்டும்போது அதோட கம்பி ஊசி ஸ்க்ரூ மேல உக்காரணும், அப்பதான் ஊசி ஏறும்போது ஃபுட்டும் எம்பும். முக்கியமா ஃபுட்ட ஏத்தி எறக்குற லிவரை எறக்கி விடுங்க, துணிய அழுத்தலைன்னாலும் பரவால்ல, எறக்கலைன்னா மேல் நூலுக்கு டென்ஷன் (இறுக்கம்) பிடிக்காது, அடியில நூல் கொத்தா சுத்திக்கும். பாபின் நூலை (அடி நூலை) முதல்லயே மேல இழுத்து பிடிச்சுக்கிட்டு ஆரம்பிங்க. எனக்கு 16ம் நம்பர் ஊசி தான் சரியா வந்துச்சு, கால வேகமா மிதிச்சு கைய நிதானமா நகத்தினா தையல் ஒரே அளவா விழுது.