கொரில்லாக் காட்டுக்குத் தன்னார்வலராகப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

உகாண்டாவின் தென்மேற்கு மூலையில், காங்கோ எல்லையை ஒட்டி, பிவிண்டி என்றொரு மலைக்காடு இருக்கிறது. உலகில் மிச்சமிருக்கும் மலைக் கொரில்லாக்கள் ஆயிரத்துச் சொச்சம்தான். 2018 கணக்கெடுப்பில், பிவிண்டியிலும் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒட்டியிருக்கும் சரம்புவே காட்டிலுமாக 459 இருந்தன. காட்டின் விளிம்புவரை வாழைத்தோட்டமும் பீன்ஸ் கொல்லையும் தேயிலையும் வந்து நிற்கின்றன. கொரில்லாவுக்கு வாழைத்தண்டு பிடிக்கும். தோட்டத்துக்காரருக்கு அது வருஷத்து வருமானம். அதனால் இங்கே காட்டைக் காப்பதில் பெரும்பங்கு ஊருக்குள் நடக்கும் வேலைதான். அங்கே போய்த் தொண்டு செய்ய ஆசைப்படுகிறவர்கள் பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

முதல் தவறு, கொரில்லாவோடு வேலை செய்யப் போகிறோம் என்று நினைத்துக் கிளம்புவது. அந்த வேலையை வெளியூர்த் தன்னார்வலரிடம் யாரும் கொடுக்க மாட்டார்கள். கொரில்லாக் கூட்டத்தைத் தேடிப் பின்தொடர்வதும் காவல் காப்பதும் உகாண்டா வனவிலங்கு ஆணையத்தின் ஆட்களுடைய பொறுப்பு. கொரில்லா தோட்டத்துக்குள் புகுந்தால் அதைக் காட்டுக்குத் திருப்பி அனுப்ப ஊர்க்காரர்களே ஒரு குழு வைத்திருக்கிறார்கள். பயிர் யாருடையதாக இருந்தாலும் மழையோ வெயிலோ போய் நிற்கிறவர்கள் அவர்கள். தன்னார்வலர் என்ற பெயர் யாருக்காவது பொருந்துமென்றால் முதலில் இவர்களுக்குத்தான் பொருந்தும். உங்களுக்குக் கிடைக்கக்கூடியது காபி விவசாயிகள் குழுவின் கணக்கைக் கணினியில் ஏற்றுவது, சுகாதாரக் குழுவின் பதிவேடுகளை ஒழுங்குபடுத்துவது, சுற்றுலா வழிகாட்டிகளுக்குப் பயிற்சி கொடுப்பது மாதிரியான வேலைகள். கொரில்லாவைப் பார்க்க வேண்டுமானால் மற்றப் பயணிகளைப் போல அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதுதான்: 2024 ஜூலை முதல் வெளிநாட்டவருக்கு 800 டாலர், பக்கத்தில் இருக்க ஒரு மணி நேரம். "தொண்டு செய்ய வந்தவன், எனக்குத் தள்ளுபடி இல்லையா?" என்று கேட்டு வைக்காதீர்கள்.

சளி, இருமலோடு போவது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1996-ல் பிவிண்டியில் ஒரு கொரில்லாக் குடும்பத்துக்குச் சொறிநோய் வந்தது. முடி கொட்டி, தோல் வெடித்து, ஒரு குட்டி செத்தே போனது. மருந்து கொடுத்து மற்றவற்றைக் காப்பாற்றினார்கள். நோய் எங்கிருந்து வந்திருக்கும் என்று தேடியபோது சந்தேகம் போய் நின்றது, தோட்டத்தில் சோளக்கொல்லை பொம்மைக்குப் போட்டிருந்த பழந்துணியின் மீது. துணி இங்கே நோய் வந்த வழி மட்டும்தான். அதை உடுத்தியிருந்த குடும்பத்துக்குச் சொறி வந்து, அதற்கு வைத்தியம் கிடைக்காமல் இருந்திருக்கிறது என்பதுதான் விஷயம். அப்போது அங்கே பணியாற்றிய விலங்கு மருத்துவர் கிளாடிஸ் கலேமா-ஸிக்குசோக்கா இதிலிருந்து கற்றுக்கொண்டது: ஊர் ஆரோக்கியமாக இல்லாமல் கொரில்லா ஆரோக்கியமாக இருக்க முடியாது. 2003-ல் அவர் தொடங்கிய அமைப்பு, கிராமத்துச் சுகாதாரத் தொண்டர்களைக் கொண்டு வீடு வீடாகப் போய்க் கழிப்பறை, கைகழுவுதல், காசநோய், குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசுகிறது. கொரில்லாவின் பெயரைச் சொல்லிக் கழிப்பறை கட்டச் சொல்கிறார்களே என்று முதலில் வியப்பாக இருக்கும். இந்த வரலாறு தெரிந்தால் இருக்காது.

மனிதச் சளி கொரில்லாவுக்கு நிமோனியாவாக மாறலாம். ஆகவே தொண்டை கரகரத்தால் மலையேறும் நாளை விட்டுக்கொடுங்கள். 800 டாலர் போனாலும் சரி. முகக்கவசம் போடச் சொன்னால் மூக்குக்குக் கீழே இறக்காதீர்கள். முன்பு ஏழு மீட்டராக இருந்த இடைவெளி கொரோனாவுக்குப் பிறகு பத்து மீட்டராகிவிட்டது. குட்டி அருகில் வந்தாலும் பின்வாங்க வேண்டியவர் நீங்கள்தான்.

அங்கே எதுவுமே இல்லாததைப் போலப் புதிதாக ஒன்றை உண்டாக்குவது

கையில் உற்சாகமும் மடிக்கணினியும் இருந்தால் "இங்கே ஒரு குழு ஆரம்பிக்கலாமே" என்று தோன்றும். பொறுங்கள். இந்த மலைகளில் பல வீடுகளுக்கு வண்டி போகாது. யாருக்காவது பிரசவ வலி வந்தால் 'எங்கோஸி' என்ற பிரம்புத் தூளியில் வைத்து ஊர் ஆண்கள் முறைபோட்டுச் சரிவில் சுமந்து போவார்கள். நான்கு பேர் தோளில் தூக்க, பின்னால் வருகிறவர்கள் மாற்றிக்கொள்ளத் தயாராக ஓட்டமும் நடையுமாய் வருவார்கள். இதற்கென்றே ஊருக்கு ஊர் சங்கம் உண்டு, அதற்குக் கட்டுப்பாடும் உண்டு. பிவிண்டி சமூக மருத்துவமனை காப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்தபோது, இருந்த இந்தச் சங்கங்களின் மேலேயே அதைக் கட்டியது. புதிதாக உறுப்பினர் சேர்க்க அலையவில்லை. எனக்குத் தெரிந்து வெளியாட்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முறை இதுதான். முதல் வாரம் முழுவதும் யார் கூடுகிறார்கள், எந்தக் கிழமை கூடுகிறார்கள், யார் பேச்சுக்கு மதிப்பு என்று பார்த்துக்கொண்டிருப்பது சோம்பேறித்தனம் ஆகாது.

மரம் நடும் ஆசையும் இதில் சேர்த்திதான். படத்துக்கு நன்றாக இருக்கும், மனசுக்கும் நிறைவாக இருக்கும். ஆனால் காட்டோரத்தில் என்ன நடுகிறோம் என்பதற்கு இங்கே தனிக் கணக்கு உண்டு. யூக்கலிப்டஸ் பட்டையை உரித்துத் தின்னக் கொரில்லாக்கள் வரும். அதில் அவற்றுக்குத் தேவையான உப்புச்சத்து இருக்கிறது. தேயிலையைத் தொடாது. விறகுக்கு என்று நீங்கள் நட்டுவிட்டு வந்த கன்று, நான்கு வருஷம் கழித்து இன்னொருவர் தோட்டத்துக்குக் கொரில்லாவைக் கூட்டி வரலாம். கேட்டு நடுங்கள்.

வேட்டைக்காரனை வில்லனாக்குவது

2020 ஜூனில் ரஃபிக்கி என்ற ஆண் கொரில்லா ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தது. உலகமெங்கும் கோபம். கொன்றவருக்கு 11 வருடச் சிறை. அவர் சிறு விலங்கு வேட்டைக்குப் போனவர். கொரில்லா தாக்க வந்ததால் குத்தினேன் என்றார். கொரோனாவால் சுற்றுலா நின்று, அதை நம்பியிருந்த வருமானமும் நின்றுபோன காலம் அது. கொலையை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. காட்டுக்குள் கண்ணி வைக்கிறவர் பெரும்பாலும் மான், காட்டுப்பன்றிக்குத்தான் வைக்கிறார். பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 சதவீதம் சுற்றுவட்டார மக்களுக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடு இருக்கிறது. தன் வீட்டுக்கு அதில் ஒன்றும் வந்து சேரவில்லை, யானையும் குரங்கும் மட்டும் வந்து சேர்கின்றன என்று நினைக்கிறவருக்குக் காட்டின் மேல் எப்படிப் பாசம் வரும்? இதைக் காது கொடுத்துக் கேட்காமல் "விழிப்புணர்வு" வகுப்பு எடுக்கக் கிளம்பினால், மரியாதைக்கு உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவார்கள்.

பட்வா மக்களிடம் இன்னும் கவனம் வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழ்ந்தவர்கள். 1991-ல் பிவிண்டி தேசியப் பூங்காவானபோது வெளியேற்றப்பட்டு, பெரும்பாலோர் நிலமில்லாமல் நின்றார்கள். அவர்களாக ஏற்பாடு செய்து கட்டணம் வாங்கி, காட்டு வாழ்க்கையைக் காட்டும் நிகழ்ச்சிகளுக்குப் போகலாம். குடிசை வாசலில் கேமராவோடு நுழைவது வேறு. அதே மாதிரிதான், சாலையோரம் பயணிகளுக்காக ஆடும் பிள்ளைகளுக்குக் காசும் மிட்டாயும் கொடுப்பதும், இரண்டு வாரத்துக்கு அநாதை இல்லத்தில் "பாசம் காட்ட"ப் போவதும். காசு கிடைக்கிறது என்றால் பிள்ளை பள்ளிக்கூட நேரத்திலும் சாலையில்தான் நிற்கும். அநாதை இல்ல வேலையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. வெள்ளைக்காரர் 'முஸுங்கு' என்றால் நீங்கள் 'முஹிண்டி', அதாவது இந்தியர். 1972-ல் இடி அமீன் ஆசியர்களை வெளியேற்றிய நாடு அது. பிறகு திரும்பி வந்தவர்களும் புதிதாக வந்தவர்களும் சேர்ந்து இன்று நகரங்களில் நிறைய வியாபாரம் நடத்துகிறார்கள். எனவே கடை முதலாளி என்ற எண்ணத்தோடு உங்களைப் பார்ப்பார்கள். இதற்குக் கோபப்பட ஒன்றுமில்லை. எதிரே வருகிறவருக்கு "அகண்டி" என்று முகமன் சொல்லிவிட்டு, நலம் விசாரித்து, அப்புறம் விஷயத்துக்கு வாருங்கள். எடுத்த எடுப்பில் வேலையைப் பேசுவது அங்கே முரட்டுத்தனம். சைவச் சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை: மட்டோக்கே என்ற வேகவைத்த வாழைக்காய், பீன்ஸ், கீரை, நிலக்கடலைக் குழம்பு.

மற்றவை சுருக்கமாக. மார்ச் முதல் மே, செப்டம்பர் முதல் நவம்பர் மழைக்காலம். மண்சாலை வழுக்கும், தலைநகர் கம்பாலாவிலிருந்து சாதாரண நாளிலேயே ஒரு பகல் முழுக்கப் பயணம். காட்டின் தென்பக்கத்துக்கு ருவாண்டாவின் கிகாலி இன்னும் கிட்டம். ருஹிஜா பக்கம் இரவில் குளிர் நடுக்கும், கம்பளிச் சட்டை தேவை. ஏடிஎம்மைக் காட்டோரத்தில் தேடாதீர்கள். பழைய டாலர் நோட்டுகளைப் பல இடங்களில் வாங்க மாட்டார்கள். சம்பளமில்லாத வேலையானாலும் சுற்றுலா விசா போதுமா என்று அழைக்கும் அமைப்பிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டணம் வசூலிக்கும் அமைப்பு என்றால், அதில் எவ்வளவு ஊருக்குப் போகிறது என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பார்க்கலாம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். சான்றிதழ் செல்லுபடியாவது ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான். உகாண்டாவுக்குள் நுழைய அது வேண்டும், திரும்பி இந்தியாவுக்குள் வரவும் வேண்டும். இல்லையென்றால் வந்து இறங்கிய கையோடு ஆறு நாள்வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். எந்த நாளில் போடுகிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்து, மலேரியா மாத்திரையைப் பற்றியும் மருத்துவரிடம் அப்போதே கேட்டுவிடுங்கள். தடுப்பூசிச் சான்றிதழான மஞ்சள் அட்டையைப் பெட்டியில் போடாமல் பாஸ்போர்ட்டோடு கையில் வைத்திருங்கள்.